வணங்கும் ஊர், வேலை வாங்கும் ஊர், வீட்டுக்கு அழைக்கும் ஊர்: தாய்லாந்தா, ஜப்பானா, வியட்நாமா?

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆசிய நாடு ஒன்றுக்குப் போகலாம் என்று நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது சம்பளம், அடுத்தது வீட்டு வாடகை. இந்த இரண்டையும் ஒப்பிட்டு எழுதியவை ஏற்கெனவே எக்கச்சக்கம். ஆனால் போய் ஆறு மாதம் ஆனவர்களிடம் பேசிப் பாருங்கள். "காலையில கேட்டுல நிக்க வைக்கிறாங்க", "சனிக்கிழமை விளையாட்டு விழாவுல ஓடச் சொல்றாங்க", "டெட் புத்தாண்டு வந்தா ஊரே காலி, சாப்பிடக் கடை இல்லை" என்றுதான் பேச்சு போகும். சம்பளம் பேச்சிலேயே வராது.

ஓர் ஊர் வாத்தியாரை எங்கே வைத்திருக்கிறது என்பதை அந்த ஊர்த் திருவிழாவில் அவருக்கு என்ன இடம் என்பதை வைத்தே சொல்லிவிடலாம். தாய்லாந்து அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கும்பிடுகிறது. ஜப்பான் தோளில் எதையாவது தூக்கி வைக்கிறது. வியட்நாம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுகிறது. நான் மூன்றையும் இந்தக் கோணத்தில்தான் ஒப்பிடப் போகிறேன்.

தென்கொரியா ஏன் இல்லை என்று கேட்பீர்கள். அங்கே அரசுப் பள்ளிகளுக்கு ஆளெடுக்கும் எபிக் திட்டம் அமெரிக்கா, பிரிட்டன், கனடா உள்ளிட்ட ஏழு ஆங்கில நாடுகளின் குடிமக்களை மனதில் வைத்தது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு அந்த வாசல் ரொம்பவே குறுகல். போக முடியாத ஊரின் திருவிழாவைப் பற்றி இங்கே பேசி என்ன பயன்?

காலை நேரம்

தாய்லாந்தில் காலை எட்டு மணிக்கு நாடு முழுவதும் தேசிய கீதம் ஒலிக்கும். பள்ளி மைதானத்தில் கொடியேற்றம், புத்த வழிபாடு, தலைமையாசிரியர் பேச்சு எல்லாம் வெயிலில் நின்றபடி நடக்கும். அதற்கு முன்பே வாசலில் நின்று பிள்ளைகளை வரவேற்கும் முறை ஆசிரியர்களுக்கு உண்டு. வெளிநாட்டு ஆசிரியர் என்றால் இந்த வேலைக்கு இன்னும் கிராக்கி, ஏனென்றால் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் கண்ணில் அவர் படவேண்டும்! ஒவ்வொரு பிள்ளையும் கைகூப்பிவிட்டு உள்ளே போகும். நமக்கும் கை தானாக எழும். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு அவர்கள் கூப்பிய உயரத்துக்கே நாமும் கூப்புவது அங்கே முறையில்லை, தலையசைத்துச் சிரித்தால் போதும். அடுத்தவர் மேல் கால் படக்கூடாது என்பது நமக்குத் தெரிந்ததுதான். பிள்ளையின் தலையைத் தடவிப் பாராட்டும் பழக்கத்தை மட்டும் விமான நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும்.

ஜப்பானில் காலை செருப்பு அலமாரியில் தொடங்குகிறது. வெளிச்செருப்பை அங்கே வைத்துவிட்டு உள்ளே போடுவதற்கென்று வைத்திருக்கும் ஷூவுக்கு மாறவேண்டும். பிறகு ஆசிரியர்கள் அனைவரும் வரிசையாக மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய அறை. நீங்கள் அங்கே வகுப்பின் தலைவர் இல்லை, உதவி மொழி ஆசிரியர், அதாவது ஏஎல்டி. வெளிநாட்டவரைப் பள்ளிகளுக்கு எடுக்க 1987-இல் தொடங்கிய அரசின் ஜெட் திட்டத்தில் போனாலும் சரி, பள்ளிகளுக்கு ஆள் அனுப்பும் தனியார் நிறுவனம் வழியாகப் போனாலும் சரி, பாடத்தை நடத்துவது ஜப்பானிய ஆசிரியர். அவர் சொல்லும்போது வாசித்துக் காட்டுவது, விளையாட்டு நடத்துவது, உச்சரிப்பைத் திருத்துவது உங்கள் பங்கு. 2020 ஏப்ரலில் தொடக்கப் பள்ளியின் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் முறையான பாடமாகிவிட்டதால் ஒரே ஆள் வாரத்தில் இரண்டு மூன்று பள்ளிகளுக்குப் போய்வருவதும் சகஜம். வகுப்பே இல்லாத நேரத்திலும் மேசையை விட்டு எழ முடியாது. மதியம் துப்புரவு நேரம் வந்தால் பிள்ளைகளோடு சேர்ந்து நீங்களும் துணியை எடுத்துத் தரையைத் துடைப்பீர்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பணியாற்றிவிட்டுப் போகிறவர்களுக்கு முதல் அதிர்ச்சி இதுதான். பிடித்துப்போகிறவர்களுக்கு இதுதான் பிடித்துப்போகிறது.

வியட்நாமில் எல்லாமே சீக்கிரம். பள்ளி ஏழு மணிவாக்கில் தொடங்கிவிடும், அதனாலேயே மதியம் ஒரு நீண்ட இடைவெளி. முழுநாள் பள்ளிகளில் பிள்ளைகள் பாய் விரித்துத் தூங்குவார்கள், விளக்குகள் அணைந்திருக்கும். ஆசிரியரும் தூங்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இதைவிட நாகரிகமான பள்ளி ஏற்பாடு ஆசியாவில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வெளிநாட்டு ஆசிரியர்களில் பெரும்பகுதியினர் வேலை பார்ப்பது ஆங்கிலப் பயிற்சி மையங்களில். அங்கே வகுப்பு மாலையிலும் சனி ஞாயிறிலும்தான். ஊர் ஓய்வெடுக்கும்போது நீங்கள் வேலை பார்ப்பீர்கள்.

வாத்தியாருக்கென்று ஒரு நாள்

இதில் தாய்லாந்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. முதல் பருவம் மே நடுவில் தொடங்கும். ஜூன் வாக்கில் ஒரு வியாழக்கிழமை 'வாய் க்ரூ' நடக்கும். குருவை வணங்கும் நாள். ஏன் வியாழன் என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை, அங்கேயும் அது குருவின் கிழமைதான். ஆசிரியர்கள் மேடையில் வரிசையாக உட்கார, வகுப்புக்கு இரண்டு பிள்ளைகள் பூத்தட்டு ஏந்தி முழங்காலில் ஊர்ந்து வந்து பணிந்து கொடுப்பார்கள். அந்தத் தட்டில் என்னென்ன இருக்கும் என்று பாருங்கள்: இட்லிப்பூ, கத்திரிப்பூ, அறுகம்புல், சில இடங்களில் நெல்பொரி. இட்லிப்பூ மொட்டைப் போலப் புத்தி கூர்மையாக வேண்டும், தலைகுனிந்து பூக்கும் கத்திரிப்பூவைப் போலப் பணிவு வேண்டும், அறுகு படர்வதைப் போல அறிவு படரவேண்டும் என்று விளக்கம் சொல்வார்கள். மேற்கத்திய ஆசிரியர்கள் இந்த நிகழ்ச்சியில் நெளிவதைப் பார்க்கலாம், காலடியில் பிள்ளைகள் விழுவது அவர்களுக்குச் சங்கடம். தமிழர்களுக்கு அந்தச் சங்கடம் குறைவு. அறுகம்புல்லைப் பார்த்ததும் பிள்ளையார் நினைவு வந்து கொஞ்சம் கூடுதலாகவே நிமிர்ந்து உட்காருவோம். இது போதாதென்று ஜனவரி 16 ஆசிரியர் தினம் தனியாக இருக்கிறது.

இந்த மரியாதைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. கும்பிடப்படும் இடத்தில் இருப்பவருக்கு ஊரோடு சமமாகக் கலக்கும் வாய்ப்பு குறைவு. நீரில் மிதவை விடும் லோய் க்ராதோங் விழா வரும்போது பள்ளியில் வாழைத்தண்டை வட்டமாக வெட்டி, வாழையிலை மடித்து, பூவும் ஊதுபத்தியும் மெழுகுவத்தியும் வைத்து மிதவை செய்வார்கள். உங்களைச் செய்யச் சொல்வதைவிட, யாருடைய மிதவை அழகு என்று தீர்ப்புச் சொல்லத்தான் கூப்பிடுவார்கள். அன்று நடக்கும் நாங் நொப்பமாத் அழகிப் போட்டிக்கும் வெளிநாட்டு ஆசிரியர் நடுவராக உட்காருவது வழக்கம். ஆங்கில இலக்கணம் படித்துவிட்டு அழகிப் போட்டிக்கு மதிப்பெண் போடும் நிலைமை வேறெங்கும் வராது!

வியட்நாமில் ஆசிரியர் தினம் நவம்பர் 20, 1982 முதல் நாடு முழுக்கக் கொண்டாடுகிறார்கள். அன்று தெருவெல்லாம் பூக்கடை. பள்ளிகளில் பாட்டு, நடனம், ஆசிரியைகள் ஆவோ தாய் உடையில். பூவோடு பெற்றோரின் பரிசும் சேர்ந்து வரும், சிலசமயம் உறையும் வரும். உறையை வாங்குவதா வேண்டாமா என்பது உள்ளூர் ஆசிரியர்களே வாதாடும் விஷயம். பூவோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பேன். ஆனால் வியட்நாமின் உண்மையான ஆசிரியர் நாள் டெட்டில் ஒளிந்திருக்கிறது. புத்தாண்டின் முதல் நாள் அப்பா வழி, இரண்டாம் நாள் அம்மா வழி, மூன்றாம் நாள் ஆசிரியர் என்று ஒரு பழமொழி அங்கே எல்லோருக்கும் தெரியும். பழைய மாணவர்கள் கூட்டாகக் கிளம்பி ஆசிரியர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். மாதா, பிதா, குரு வரிசை ஒரு நாள்காட்டியாகவே ஆகிவிட்ட ஊர் அது.

ஜப்பானில்? கொண்டாடும்படியான ஆசிரியர் தினமே கிடையாது. பொதுப்பள்ளி ஆசிரியர் உள்ளாட்சி ஊழியர், பரிசு வாங்கும் பேச்சுக்கே இடமில்லை. அங்கே உணர்ச்சி முழுவதும் மார்ச் மாத வழியனுப்பு விழாவுக்கென்று சேமித்து வைக்கப்படுகிறது. பிள்ளைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும், பாட்டின் நடுவே அழுகை வெடிக்கும். அதே மாதக் கடைசியில் ஆசிரியர்களின் இடமாற்றப் பட்டியல் உள்ளூர்ச் செய்தித்தாளில் வரும். ஏப்ரலில் பக்கத்து மேசையில் வேறு ஆள்.

ஊர்த் திருவிழாவில் உங்கள் இடம்

ஆசிரியர் தினத்தில் தோற்ற ஜப்பான் இங்கே முன்னால் வந்துவிடுகிறது. கியோத்தோவின் கியோன் விழா, அதன் தொடக்கம் 869-ஆம் ஆண்டு கொள்ளைநோய்க் காலத்துக்குப் போகிறது, ஜூலை முழுக்க நடக்கும்; பெரிய தேர் ஊர்வலங்கள் 17, 24 தேதிகளில். அஒமோரியின் நெபுதா ஆகஸ்ட் 2 முதல் 7 வரை, தோகுஷிமாவின் அவா ஒதோரி நடனம் ஆகஸ்ட் நடுவில். இவை எல்லாம் ரயில் பிடித்துப் போய்ப் பார்க்கும் விழாக்கள். ஆனால் ஆசிரியராக இருப்பவருக்குக் கிடைப்பது அதைவிட மேலான ஒன்று: தன் சிற்றூரின் சொந்த மத்சுரி, அதாவது ஊர்த் திருவிழா.

ஜப்பானிய கிராமங்களில் இளைஞர்கள் குறைந்துபோய்விட்டார்கள். கோயில் விழாவில் மிகோஷி என்ற சாமிப் பல்லக்கைத் தோளில் தூக்க ஆள் பற்றாக்குறை. பள்ளியில் திடகாத்திரமாக ஒரு வெளிநாட்டு ஆசிரியர் இருக்கிறார் என்று தெரிந்தால் விடுவார்களா? குட்டை அங்கி ஒன்றைக் கொடுத்து, தலையில் துணி கட்டி, கம்புக்குக் கீழே நிறுத்திவிடுவார்கள். நம்மூரில் சப்பரம் தூக்கியவர்களுக்குத் தெரியும், உயரம் ஒத்துவராதவர் நடுவில் இருந்தால் பாரமெல்லாம் நெட்டையான ஆளின் தோளில்தான் இறங்கும். அங்கேயும் அதே கதை. 'வாஷ்ஷோய்' என்று கத்திக்கொண்டே போய், குலுக்கி, நிறுத்தி, குடித்து, மறுபடி தூக்கி, மாலையில் தோள் வீங்கியிருக்கும். மறுநாள் காய்கறிக் கடைக்காரர் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்த ஒரு நாளுக்கு முன்னால் ஒரு வருட மொழிப் பயிற்சியும் நிற்காது. சாவுத் தீட்டு உள்ளவர்கள் ஷின்தோ கோயில் வாசலைத் தாண்டுவதில்லை என்ற வழக்கம் அங்கேயும் இருக்கிறது. வீட்டில் துக்கம் நடந்திருந்தால் முன்கூட்டியே சொல்லி ஒதுங்கிக்கொள்ளலாம், யாருக்கும் வருத்தம் வராது.

பள்ளிக்குள்ளும் இதே மனப்பான்மைதான். உந்தோகாய் என்ற விளையாட்டு விழாவுக்கு வாரக்கணக்கில் ஒத்திகை நடக்கும். விழாவன்று ஆசிரியர் அணியின் தொடரோட்டத்தில் உங்கள் பெயரும் இருக்கும். சனிக்கிழமை நடந்தால் திங்கட்கிழமை ஈட்டு விடுப்பு. பிப்ரவரியில் செத்சுபுன் வந்தால், மழலையர் பள்ளிக்குப் போகும் ஏஎல்டிக்கு அரக்கன் முகமூடி மாட்டிவிட்டு, வறுத்த சோயா பயறால் பிள்ளைகள் அடித்து விரட்டுவார்கள். தாய்லாந்தில் பூத்தட்டு, இங்கே பயறடி. இரண்டும் அன்புதான், இரண்டாவது கொஞ்சம் வலிக்கும்.

ஆகஸ்ட் நடுவில் ஒபோன் வரும். முன்னோர்கள் வீட்டுக்கு வந்துபோகும் நாட்கள். ஆடி அமாவாசை, மகாளயம் பழக்கப்பட்டவருக்கு இது முழுக்கப் புரியும். வித்தியாசம் என்னவென்றால் அங்கே முன்னோரை வரவேற்று ஊரே வட்டமாக ஆடுகிறது. ஆடத் தெரியாவிட்டாலும் பின்னால் நின்று முன்னால் போகிறவரைப் பார்த்துக் கையசைத்தால் போதும்.

தாய்லாந்தின் பெரிய விழா சொங்க்ரான் புத்தாண்டு, ஏப்ரல் 13 முதல் 15 வரை, நம் சித்திரைப் பிறப்பின் அதே சூரியக் கணக்கு. 2023 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. காலையில் புத்தர் சிலைக்கு நீராட்டுவதும் பெரியவர்கள் கையில் வாசனை நீர் ஊற்றி ஆசி வாங்குவதும் ஒரு முகம். சியாங் மாய் அகழியைச் சுற்றியும் பாங்காக்கின் சிலோமிலும் தண்ணீர்த் துப்பாக்கியோடு நடப்பது இன்னொரு முகம். எனக்கு முதல் முகம்தான் பிடிக்கும், இரண்டாவதை ஒருமுறை பார்த்தால் போதும். அந்த வாரத்தில் சாலை விபத்துகளில் ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கானோர் சாகிறார்கள், ஆகவே பைக்கை வீட்டில் விட்டுவிடுங்கள். முக்கியமான சிக்கல் வேறு: சொங்க்ரான் விழுவது நீண்ட விடுமுறையின் நடுவில். மாணவர்கள் ஊரில் இல்லை, சக ஆசிரியர்களும் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். ஒரு தோழியின் குடும்பம் அழைத்தால் ஒழிய நீங்கள் சுற்றுலாப் பயணியாகத்தான் அதைப் பார்ப்பீர்கள்.

டெட்டிலும் இதே ஆபத்து, இன்னும் கடுமையாக. ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையே, ஹோ சி மின் நகரத்தின் ஜனங்கள் பெட்டி படுக்கையோடு கிளம்பிவிடுவார்கள். தெற்கே மஞ்சள் மாய் பூவும் வடக்கே பீச் பூவும் வாசலுக்கு வந்ததும் கடைகள் ஒவ்வொன்றாக மூடும். யாராவது வீட்டுக்கு அழைத்தால் தயங்காமல் போய்விடுங்கள். வாழையிலைக்குள் ஒட்டும் பசையரிசியும் பாசிப்பருப்பும் பன்றி இறைச்சியும் வைத்துக் கட்டி மணிக்கணக்கில் வேகவைக்கும் பான் டெட்டுக்காக ராத்திரி முழுக்க அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசும் வீடுகள் இன்னும் உண்டு. முதல் நாள் காலையில் மட்டும் அழைக்காமல் யார் வாசலையும் மிதிக்கக்கூடாது. ஆண்டின் முதல் விருந்தாளி கொண்டுவரும் ராசிதான் வீட்டுக்கு ஆண்டு முழுக்க என்று நம்புகிறார்கள், அதனால் அந்த ஆளை முன்பே தேர்ந்தெடுத்து வைத்திருப்பார்கள். விடுமுறை முடிந்து வகுப்புக்குத் திரும்பும்போது சிவப்பு உறையில் சின்னத் தொகைக்குப் புதுப் பணத்தாள்கள் கொண்டுபோனால் பிள்ளைகள் உங்களை மறக்க மாட்டார்கள்.

சாப்பாடு, கூடவே கோயில்

அசைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம், மூன்று ஊரும் உங்களுக்குச் சொர்க்கம். சைவர்களுக்கு வியட்நாம் முதலிடம். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சைவம் சாப்பிடுவதால் 'சாய்' என்று பலகை போட்ட கடைகள் எங்கும் உண்டு. தாய்லாந்தில் மீன் சாறு இல்லாத குழம்பைத் தேடவேண்டியிருக்கும், ஆனால் அக்டோபர் வாக்கில் ஒன்பது நாள் 'கின் ஜே' சைவ விழா வந்தால் மஞ்சள் கொடி கட்டிய கடையில் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம், வெங்காயம் பூண்டுகூட இருக்காது. ஜப்பான் கடைசி. பள்ளி மதிய உணவை ஆசிரியரும் பிள்ளைகளும் வகுப்பிலேயே ஒன்றாகச் சாப்பிடுவார்கள், எல்லோருக்கும் ஒரே தட்டு, தினமும் பால். அதில் வரும் சூப்பின் அடியில் மீன் சாறு இருக்கும். பொருட்கள் போட்ட மாதப் பட்டியல் கொடுப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு நான் வீட்டிலிருந்து கொண்டுவருகிறேன் என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஊர் ஞாபகம் வந்தால் பாங்காக் சிலோமில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, நவராத்திரியில் அந்தத் தெருவே அடைபட்டுப்போகும். ஹோ சி மின் நகரத்திலும் ஒரு மாரியம்மன் உண்டு, கும்பிட வருவோரில் பெரும்பாலோர் இப்போது வியட்நாமியர். ஜப்பானில் தோக்கியோவின் நிஷிகசாய் பக்கம் போனால் தீபாவளிக்கு ஆள் கிடைக்கும். கிராமத்துப் பள்ளியில் வேலை என்றால் அதற்கும் ரயிலில்தான் போகவேண்டும்.

பணமும் காகிதமும்

ஜெட் திட்டத்தில் முதல் வருடச் சம்பளம் 2025-இல் 40.2 லட்சம் யென்னாக உயர்ந்தது, அதிகபட்சம் ஐந்து வருடம் இருக்கலாம். அனுப்பும் நிறுவனங்கள் தருவது இதைவிடக் கணிசமாகக் குறைவு. கிராமத்தில் கார் இல்லாமல் முடியாது. சர்வதேச உரிமம் ஒரு வருடத்துக்குத்தான், அதன்பின் இந்திய உரிமத்தை மாற்ற ஓட்டுநர் தேர்வு எழுதி ஓட்டிக் காட்டவேண்டும், பலர் பலமுறை போய்வருகிறார்கள். இன்னொன்று: பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் விசாவுக்கு, ஆங்கிலவழியில் 12 வருடம் படித்திருப்பதைக் காட்டவேண்டும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இங்கேயே கதவு மூடிவிடுகிறது.

தாய்லாந்தில் பட்டம், விசா, வேலை அனுமதி, ஆசிரியர் கவுன்சிலின் தற்காலிக அனுமதி, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவுத் துறைக்குத் தகவல் என்று காகிதம் நிறைய, ஆனால் எதுவும் முடியாததில்லை. அங்கே பார்க்கவேண்டியது ஒப்பந்தத்தில் எத்தனை மாதம் என்பது. பத்து மாத ஒப்பந்தம் என்றால் சொங்க்ரான் காலம் முழுக்கச் சம்பளம் இல்லை. வியட்நாம் மையங்களில் மணிக்கணக்குச் சம்பளம், நகரத்துச் செலவை வைத்துப் பார்த்தால் நன்றாக மிஞ்சும், ஆனால் டெட்டுக்கு மையம் மூடினால் அந்த வாரங்கள் உங்கள் பையிலிருந்து போகும்.

நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலம் என்றால் வெள்ளை முகம் என்ற எண்ணம் தாய்லாந்திலும் வியட்நாமிலும் பெற்றோர்களிடம் ஊறிக்கிடக்கிறது, விளம்பரங்களிலேயே அது தெரியும். அதே வேலைக்கு ஃபிலிப்பினோ ஆசிரியருக்கும் நமக்கும் குறைத்துக் கொடுப்பதும் நடக்கிறது. தாய்லாந்தில் ஆங்கிலவழிக் கணக்கு, அறிவியல் வகுப்புகளுக்கு விண்ணப்பித்தால் இந்தியர் என்பது தடையாக இருக்காது, சிலசமயம் கைகொடுக்கவே செய்யும்.

என் தேர்வு

முதல்முறை வெளிநாடு போகும் தமிழருக்கு நான் தாய்லாந்தைச் சொல்வேன். பழக்கவழக்கம் பாதி தெரிந்தது, வெயில் தெரிந்தது, வாத்தியார் என்றால் மரியாதை. மேடையில் உட்கார்ந்து அலுத்துப்போனவர்கள், ஊரில் ஒருவராக வேண்டும் என்று நினைப்பவர்கள், 12 வருட ஆங்கிலவழிச் சான்று உள்ளவர்கள் ஜப்பானுக்குப் போகட்டும், அதுவும் நகரத்துக்கு வேண்டாம், பல்லக்குத் தூக்க ஆள் தேடும் ஊருக்கு. தனிமை தாங்காதவர்களுக்கு அந்த ஊர் சரிப்படாது, குளிர்காலத்தில் மண்ணெண்ணெய் ஹீட்டரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். வியட்நாம் சம்பாத்தியத்துக்கு, சைவச் சாப்பாட்டுக்கு, எளிதில் பழகி நட்புப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு.

எங்கே போனாலும் போய் இறங்கும் மாதத்தைக் கவனியுங்கள். தாய்லாந்தில் மே பருவத்துக்கு ஆளெடுப்பது மார்ச் வாக்கிலேயே தொடங்கிவிடும். ஏப்ரல் நடுவில் போய் இறங்கினால் அலுவலகங்கள் பூட்டியிருக்க, கையில் கோப்போடு நனைந்துகொண்டு நிற்பீர்கள். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில், ஜெட் ஆட்கள் போய்ச் சேர்வது கோடையில், சேர்ந்த சில வாரத்தில் ஒபோன் கிடைத்துவிடும். வியட்நாமுக்கு டெட்டுக்கு முந்தைய வாரம் டிக்கெட் போடவே போடாதீர்கள். டெட் முடிந்து பத்து நாள் கழித்துப் போங்கள், வேலையை விட்டுப்போனவர்களின் இடங்கள் அப்போதுதான் காலியாகும்.